பிளஸ் டூ வகுப்புக்கு நினைவு மலர் போட நினைப்பவர்களுக்கு

வகுப்பில் ஆளுக்கு ஒரு பக்கம். அதில் ஒரு படம், அவரைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு வரி, அடுத்து என்ன ஆக ஆசை என்று இரண்டு மூன்று வரி. எல்லாவற்றையும் சேர்த்து அச்சடித்து, பிரிவு உபசார விழா அன்று கையில் கொடுப்பது. கேட்க லேசாகத்தான் இருக்கும். எங்கள் வகுப்புக்கு இதைச் செய்யக் கிளம்பியபோது யாரிடம் கையெழுத்து வாங்குவது, அச்சகத்தில் என்ன கேட்பது, எவ்வளவு பணம் ஆகும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அடுத்த செட் பிள்ளைகள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கணக்கெல்லாம் 44 பேர் படிக்கிற ஒரு வகுப்புக்குப் போட்டிருக்கிறேன். மதுரைக்கு மேற்கே, வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி வருகிற அரசு மேல்நிலைப் பள்ளியை மனதில் வைத்து எழுதியது. உங்கள் வகுப்பு பெரியதோ சிறியதோ, வழி ஒன்றுதான்.

1. காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

பொதுத்தேர்வு மார்ச்சில் என்றால் பிப்ரவரி உங்கள் கையில் இல்லை. செய்முறைத் தேர்வு வந்துவிடும். ஜனவரியில் பொங்கல், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து மூன்று நாள் ஜல்லிக்கட்டு வாடிவாசல் திறந்திருக்கும்போது புரூஃப் (அச்சுக்கு முன் எடுத்துப் பிழை பார்க்கிற மாதிரிப் பிரதி) பார்க்க எங்கள் பக்கத்தில் எவனும் வரமாட்டான். பொங்கல் முடிந்தால் திருப்புதல் தேர்வு. டிசம்பரில் அரையாண்டு. ஆக, எழுத்து வேலைக்கு உங்களுக்கு இருப்பது காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளிலிருந்து நவம்பர் கடைசி வரைதான்.

அரையாண்டு விடுமுறையில் பக்கம் அமையுங்கள். பொங்கலுக்கு முன் புரூஃப் பார்த்துவிடுங்கள். ஜனவரி மூன்றாம் வாரம் அச்சுக்குப் போக வேண்டும். பிப்ரவரி முதல் வாரத்தில் புத்தகம் கையில் இருந்தால் நிம்மதி.

அச்சகத்துக்கும் ஒரு காலண்டர் உண்டு. டிசம்பரில் டைரி, தினசரி காலண்டர் வேலை. தை முகூர்த்தத்துக்கான பத்திரிகைகள் மார்கழியிலேயே வந்து குவியும். தேர்தல் ஆண்டாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "ரெண்டு நாள்ல தந்துர்றேன் தம்பி" என்று சொன்னால் நோட்டில் ஒரு வாரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு கடையில் தேதி தள்ளிக்கொண்டே போய், கடைசியில் வேறு கடைக்கு மாற வேண்டியதாயிற்று.

2. கையெழுத்து வாங்க வேண்டிய தாள்கள்

மூன்று தாள் வேண்டும். முதலாவது தலைமை ஆசிரியருக்கு விண்ணப்பம். வகுப்பாசிரியர் மூலமாகக் கொடுங்கள், நேராகப் போய் நிற்காதீர்கள். என்ன புத்தகம், எத்தனை பக்கம், யார் மேற்பார்வை, செலவு எப்படி என்ற நான்கையும் எழுதுங்கள். செலவு வரி மிக முக்கியம். அரசுப் பள்ளியில் மாணவரிடம் காசு வசூலிப்பது என்றாலே தலைமை ஆசிரியருக்குப் பதற்றம் வரும், அதற்குக் காரணமும் இருக்கிறது. "விருப்பமுள்ளவர்கள் மட்டும், வகுப்பாசிரியர் முன்னிலையில், ரசீதுக் கணக்குடன்" என்ற சொற்கள் அந்த விண்ணப்பத்தில் இருக்கட்டும். முன்னாள் மாணவர்களோ பள்ளி மேலாண்மைக் குழுவில் யாராவதோ ஏற்றுக்கொண்டால் அதைக் குறிப்பிடுங்கள், கையெழுத்து சீக்கிரம் விழும்.

இரண்டாவது, பெற்றோர் சம்மதச் சீட்டு. வகுப்பில் பெரும்பாலோருக்குப் பதினெட்டு ஆகியிருக்காது. படத்தை அச்சில் போடுவதற்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கை வைக்காதீர்கள். பெண் பிள்ளைகள் வீட்டில் இது பெரிய விஷயம். சீட்டு இரண்டு வரி போதும்: "என் மகன்/மகள் ........ பற்றிய குறிப்பும் படமும் வகுப்பு நினைவு மலரில் அச்சிடச் சம்மதம். இம்மலர் வகுப்பு மாணவருக்கும் ஆசிரியருக்கும் மட்டுமே வழங்கப்படும், இணையத்தில் ஏற்றப்படாது என அறிவேன்." அந்த இரண்டாவது வரி இருந்தால்தான் பல வீட்டில் கையெழுத்துப் போடுவார்கள். போட்ட பிறகு அந்த வாக்கை நீங்களும் காப்பாற்ற வேண்டும். படம் வேண்டாம் என்று ஒரு வீட்டில் சொன்னால் கட்டாயப்படுத்தாதீர்கள். படத்துக்குப் பதில் அவர் கையெழுத்தை ஸ்கேன் செய்து போடலாம், பார்க்க அதுவும் நன்றாகவே இருக்கும்.

மூன்றாவது தாள், எழுதிய குறிப்பைச் சம்பந்தப்பட்டவரே படித்துப் போடுகிற கையெழுத்து. அது பின்னால் வரும்.

3. பெயர்ப் பட்டியல்

வருகைப் பதிவேட்டைப் பார்த்து நகல் எடுக்காதீர்கள். அதில் ஆங்கிலத்தில் இருக்கலாம். நீங்கள் தமிழில் எழுதும்போது ந-வும் ன-வும் ண-வும் இடம் மாறும். ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்து, தன் பெயரையும் முதலெழுத்தையும் தமிழில் தானே எழுதச் சொல்லி வாங்குங்கள். பிற்பாடு சண்டை வந்தால் எடுத்துக்காட்ட அந்தத் தாள் இருக்கும்.

வரிசை அகர வரிசை. ரேங்க் வரிசை வேண்டவே வேண்டாம். எல்லோருக்கும் ஒரு பக்கம். முதல் மதிப்பெண்காரருக்கு இரண்டு பக்கம் கிடையாது.

பிளஸ் ஒன்னில் கூடப் படித்து, நடுவில் நின்று திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் யாராவது இருந்தால் அவரையும் பட்டியலில் சேருங்கள். போன் போட்டுக் கேளுங்கள். எங்களில் ஒருவனிடம் கேட்டபோது முதலில் வேண்டாம் என்றான், அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு அவனே கூப்பிட்டு "போடுங்கடா" என்றான்.

4. எழுதுவது

வேலையின் முக்கால் பங்கு இதுதான். இங்கே சரியாகச் செய்துவிட்டால் தாள் மட்டமாக இருந்தாலும் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

முதல் பொறி: அவரவரையே எழுதச் சொல்வது. பிடித்த நிறம், பிடித்த நடிகர், லட்சியம் கலெக்டர் என்று 44 தாளும் ஒரே மாதிரி வரும். அது ஸ்லாம் புக், கடையில் அச்சடித்தே விற்கிறார்கள். இரண்டாவது பொறி: உயிர் நண்பனை எழுதச் சொல்வது. அவர்கள் இருவருக்கு மட்டும் புரிகிற கேலியாக வரும், மற்ற 42 பேர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை எழுதச் சொல்லுங்கள். தினமும் பார்க்கிறவர், ஆனால் ரொம்ப நெருக்கமும் இல்லை. அந்தத் தூரம் எழுத்துக்கு நல்லது. பிறகு நான்கு பேர் கொண்ட ஆசிரியர் குழு உட்கார்ந்து திருத்துங்கள். குழுவில் ஆணும் பெண்ணும், முன் பெஞ்சும் பின் பெஞ்சும் கலந்திருக்கட்டும்.

எழுதுகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. காலையில் எழுந்ததிலிருந்து பள்ளி வாசல் வரை என்னென்ன செய்வாய்? வகுப்பில் நீ செய்து, யாரும் கவனிக்காத காரியம் எது? முதல் மாதச் சம்பளம் கையில் வந்தால் என்ன செய்வாய்? மூன்றாவது கேள்வியில்தான் ஆசை வெளியே வரும். "என்ன ஆகப்போகிறாய்" என்று கேட்டால் டாக்டர், போலீஸ், ஐஏஎஸ் என்று அப்பா அம்மாவின் பதிலைத்தான் சொல்வார்கள்.

ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன், அவன் சம்மதத்தோடு, பெயர் மட்டும் எடுத்துவிட்டு:

"வினாத்தாள் கட்டு வந்தால் எண்ணிக் கொடுக்க சார் இவனைத்தான் கூப்பிடுவார். கட்டைவிரல் படுவதே தெரியாது, எண்ணி முடித்திருப்பான். சோழவந்தானில் இவர்கள் வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால். விடியும் முன் கிள்ளி, கவுளி அடுக்கிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறான். மழைநாளில் எல்லோரும் லீவு விடுவார்களா என்று வானத்தைப் பார்க்கும்போது இவன் மட்டும் கொடிக்காலில் தண்ணீர் நிற்குமே என்று பார்ப்பான். விவசாயம் படிக்க ஆசை. நல்லா இருந்த கொடி திடீரென்று ஏன் வாடுகிறது என்று அப்பா ஒவ்வொரு வருடமும் கேட்கிறாராம். பதில் சொல்ல வேண்டுமாம்."

இதில் 'நல்லவன்', 'அன்பானவன்', 'நட்புக்கு இலக்கணம்' என்று எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த மாதிரிச் சொற்களை வெட்டிவிட்டுப் பார்த்தால் பல குறிப்பில் ஒன்றுமே மிஞ்சாது. மிஞ்சவில்லை என்றால் எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

சத்தம் போடுகிறவர்களைப் பற்றி எழுத ஆள் கிடைக்கும். கடினம் அமைதியாக இருப்பவர்கள்தான். எங்கள் வகுப்பில் ஒருத்தியைப் பற்றி யாரைக் கேட்டாலும் "அமைதியான பொண்ணு" என்றார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவளோடு பஸ்ஸில் வருகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டோம். அதன்பிறகுதான் தெரிந்தது: தினமும் காலையில் கரும்பலகையின் வலது மூலையில் தேதியும் வருகையும் எழுதியிருப்பது இவள். இரண்டு வருடம் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் நோட்டில் எழுதியிருக்கிறோம். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குக் கண்ணாடி வாங்க வேண்டுமாம். அம்மா தையல் வேலை. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க ராத்திரி இவள்தான் உட்கார வேண்டியிருக்கிறது. கணக்கு டீச்சர் ஆக ஆசை. இப்படி ஒருவரைப் பற்றித் தகவல் கிடைக்கவில்லை என்றால் வகுப்புக்கு வெளியே போய்க் கேளுங்கள். சத்துணவு அக்கா, ஆய்வக உதவியாளர், பஸ் கண்டக்டர் எல்லோருக்கும் உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கும்.

ஆசையை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. புத்தகம் பிப்ரவரியில் வருகிறது, ரிசல்ட் மே மாதம்தான் வரும். "நீட் எழுதி மதுரை மருத்துவக் கல்லூரியில் சேருவான்" என்று அச்சடித்துவிட்டால், இடம் கிடைக்காதபோது அந்த வரி அவனைக் குத்தும். எந்தக் கல்லூரி, எத்தனை கட்-ஆஃப் என்பதை விட்டு, எதற்காக அந்த ஆசை என்பதை எழுதுங்கள். கால்நடை மருத்துவம் படிக்க நினைக்கிறவன் வீட்டில் ஒரு காளை இருக்கும். அந்தக் காளையை எழுதுங்கள். பாடம் மாறினாலும் அது பொய்யாகாது. படிப்பு பற்றிய விவரம் எழுதினால் சரிபாருங்கள். சிஏ என்பது கல்லூரியில் சேருகிற படிப்பு இல்லை, அதற்கு ஃபவுண்டேஷன் தேர்வு தனியாக எழுத வேண்டும். கடைக்குப் போகிறேன், கல்யாணம் பேசியிருக்கிறார்கள், ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கிறேன் என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள். அதை மாற்றி அலங்காரமாக எழுதாதீர்கள். புரோட்டா மாஸ்டர் ஆகிக் கடை போட வேண்டும் என்று சொன்னவன் பக்கம்தான் எங்கள் புத்தகத்தில் எல்லோரும் முதலில் எடுத்துப் படித்த பக்கம்.

என்னென்ன வரக்கூடாது என்பதையும் குழுவில் முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். நிறம், உடம்பு, மதிப்பெண், காதல் கிசுகிசு, வீட்டுக் கஷ்டம் எதுவும் அவர் விருப்பமில்லாமல் வரக்கூடாது. பட்டப்பெயர் என்றால், கூப்பிடப்படுகிறவருக்குப் பிடித்திருந்தால் மட்டும். சாதி நேராக மட்டுமல்ல, சுற்றிவளைத்தும் வரக்கூடாது. நம் பக்கத்தில் தெருப் பெயரும், குலசாமி பெயரும், எந்தத் திருவிழாவில் யாருக்கு என்ன மரியாதை என்பதும் சாதியைச் சொல்லிவிடும். தெரியாமல் எழுதியிருந்தாலும் குழு பார்த்து எடுத்துவிட வேண்டும். போன் நம்பர், முகவரி, பிறந்த தேதி, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை தருகிற மாணவர் எண்) எதையும் அச்சில் போடாதீர்கள்.

திருத்தி முடித்த குறிப்பைச் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, கீழே கையெழுத்து வாங்குங்கள். ஒரு வரியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும். ஏன் என்று கேட்க வேண்டாம்.

5. படம்

போன் போதும். காலை ஒன்பது மணிக்கு முன், வெயில் நேராக விழாத வெறும் சுவர். வேப்பமரத்தடியில் எடுக்க ஆசையாகத்தான் இருக்கும். இலை நிழல் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக விழும். மதியத்தில் எடுத்தால் மதுரை வெயிலுக்குக் கண் இருக்கிற இடம் கறுப்பாகிவிடும். எல்லோரையும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். கோப்புக்கு அவரவர் பெயரை வையுங்கள், இல்லையென்றால் அச்சில் ஆள் மாறிவிடும்.

6. தட்டச்சு

எல்லாவற்றையும் யூனிகோடில் அடியுங்கள். போனிலேயே அடிக்கலாம், பேசியும் அடிக்கலாம். பிரச்சினை டிடிபி கடையில்தான் வரும். சில கடைகளில் இன்னும் பழைய எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். உங்கள் யூனிகோடை அதற்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து போகும், ஸ்ரீ காணாமல் போகும். பக்கம் அமைக்கிற மென்பொருளான இன்டிசைன் புதியதாக வைத்திருக்கிற கடையிலும் தமிழ் உடைந்து தெரியலாம். பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும், அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் லிப்ரே ஆபீஸிலோ கூகுள் டாக்ஸிலோ நீங்களே பக்கம் அமைத்து, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன: நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், கட்டமரன். ஹிந்த் மதுரை என்றே ஒன்று இருக்கிறது, நாங்கள் தலைப்புக்கு அதைப் போட்டோம், வேறு எதைப் போடுவது! பக்க அளவு ஏ5. உள்பக்க ஓரம் தாராளமாக விடுங்கள், மடித்து நடுவில் ஸ்டேப்லர் பின் அடிக்கும்போது எழுத்து உள்ளே போய்விடும்.

7. அச்சகமும் செலவும்

பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 44 பேருக்கு 44 பக்கம், முகப்பு, தலைமை ஆசிரியர் வாழ்த்து, ஆசிரியர்கள், வகுப்புப் படம் என்று 4, கையெழுத்து வாங்க வெற்றுப் பக்கம் 4. மொத்தம் 52. ஏ4 தாளை நடுவில் மடித்தால் 13 தாள். இந்தக் கனத்துக்கு நடுப்பின் போதும், பசை பைண்டிங் கேட்காதீர்கள்.

பிரதி 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் 44, ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர், பள்ளி நூலகத்துக்கு ஒன்று, கையில் நாலைந்து. இந்த எண்ணிக்கைக்கு ஆஃப்செட் (தகடு செய்து அடிக்கிற அச்சு) கட்டுப்படியாகாது, சிவகாசிக்கு பஸ் ஏறவும் வேண்டாம். மதுரை மாசி வீதிகள் பக்கமோ கல்லூரிகள் பக்கமோ இருக்கிற டிஜிட்டல் பிரிண்ட் கடைகளே போதும். நாங்கள் விசாரித்தபோது உள்பக்கம் கறுப்பு வெள்ளை, ஏ4-இல் ஒரு பக்கத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை ரூபாய் சொன்னார்கள். 13 தாளுக்கு இருபுறமும் சேர்த்து ஏ4-இல் 26 பக்கம் அடிக்க 26 முதல் 39 ரூபாய். லேமினேஷனோடு கலர் அட்டை முப்பது ரூபாய்ச் சொச்சம், பின் அடித்து ஓரம் வெட்ட ஐந்து. ஆக, ஒரு பிரதி 80 ரூபாய்க்குள். 60 பிரதிக்கு 4,800. உள்ளேயும் கலர் வேண்டும் என்று கிளம்பினால் ஒரு பிரதியே 250-ஐத் தாண்டும். தேவையில்லை, கறுப்பு வெள்ளையில் முகங்கள் நன்றாகவே விழும். உங்கள் நேரத்துக்கு விலை மாறியிருக்கும், மூன்று கடையிலாவது கேளுங்கள்.

கேட்கும்போது தாள் கனம் 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அட்டை 250 அல்லது 300 ஜிஎஸ்எம், லேமினேஷன், வெட்டும் கூலி எல்லாம் சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வெட்டும் கூலியைக் கடைசியில்தான் சொல்வார்கள். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

வசூலுக்கு ஆளுக்கு நூறு ரூபாய் என்று பலகையில் எழுதாதீர்கள். வகுப்பாசிரியர் மேசையில் ஒரு உறை, முடிந்தவர்கள் முடிந்ததைப் போடட்டும், பெயர் எழுத வேண்டாம். காசு கொடுத்தவர், கொடுக்காதவர் எல்லோருக்கும் ஒரே புத்தகம். குறைகிற தொகைக்கு முன்னாள் மாணவர் யாரையாவது கேளுங்கள். பள்ளி எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்காரர் விளம்பரம் தருகிறேன் என்பார். தலைமை ஆசிரியர் சம்மதித்தால் பின்னட்டையில் மட்டும்.

8. புரூஃப்

திரையில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். ஒரு பிரதி முழுதாக அடித்து, மடித்து, பின் அடித்து வாங்குங்கள். ஒருவர் சத்தமாகப் படிக்க இன்னொருவர் பெயர்த் துண்டுத் தாள்களோடு ஒத்துப் பார்க்கட்டும். படமும் பெயரும் பொருந்துகிறதா, பக்கம் வரிசையாக வருகிறதா, ஒரு குறிப்பின் கடைசி வரி வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். பிழை திருத்தினால் திருத்திய பக்கத்தை மறுபடி கேளுங்கள். ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று நகர்ந்திருக்கும். எல்லாம் சரியென்றால் அந்தப் பிரதியில் "அச்சிடலாம்" என்று எழுதித் தேதி போட்டு, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையோடு தகராறு வந்தால் அதுதான் ஆதாரம்.

9. கொடுக்கும் நாள்

பிரிவு உபசார விழா முடிகிற நேரத்தில் கொடுக்காதீர்கள், பஸ்ஸுக்கு ஓடுவார்கள். விழா தொடங்கும் முன்பே கொடுத்துவிட்டால் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்க நேரம் இருக்கும். அன்று வராதவர்களின் பிரதியில் பெயர் எழுதி வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் வாங்க எப்படியும் பள்ளிக்கு வருவார்கள். திருப்பூர்க்காரன் மாதிரி வர முடியாதவர்களுக்குத் தபாலில் அனுப்ப அம்பது நூறு ரூபாயை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள்.

பிடிஎஃப் கோப்பைக் குரூப்பில் போடச் சொல்லி நச்சரிப்பார்கள். சம்மதச் சீட்டில் என்ன எழுதினோம் என்பதைக் காட்டுங்கள். வரவு செலவை ஒரு தாளில் எழுதி, கடை ரசீதுகளை அதோடு பின் அடித்து, வகுப்பாசிரியரிடம் கையெழுத்து வாங்கி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் இன்னொரு வகுப்பு விண்ணப்பத்தோடு போகும்போது தலைமை ஆசிரியர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.